திரையின் மூலையில் அக்கா

நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவளுக்கு இருப்பது இரண்டு கை.

"ஒவ்வொருத்தரா பேசுங்க, ப்ளீஸ்" என்று நெறியாளர் மேசையைத் தட்டினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டால் அப்புறம் அது என்ன விவாதம்.

திரையின் அடியில் சிவப்புப் பட்டை ஓடியது. மதகுருவுக்கு அரசு வரவேற்பு: தேவையா, தேவையில்லையா?

நாளைக் காலை அவர் விமானத்தில் வந்து இறங்குகிறார். அரசு விருந்தினர். கம்பளம், அணிவகுப்பு, கைகூப்பி நிற்க அமைச்சர்கள்.

அவர் நடத்தும் பிள்ளைகள் விடுதிகளின் மேல் புகார் இருக்கிறது என்றார் ஒருவர். எல்லாம் சதி என்றார் இன்னொருவர். அவர் வந்தால் ஊருக்கு ஆஸ்பத்திரி வரும் என்றார் மூன்றாமவர். நான்காமவர் மதகுருவின் ஆள். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கத்தும்போதுகூட அவர் குரல் பிசிறவில்லை.

அவள் கறுப்பு உடையில் ஓரமாக நின்று அத்தனையையும் கையால் சொல்லிக்கொண்டிருந்தாள். காது கேளாதவர்களுக்காக, திரையின் வலது மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம். அதற்குள் அவள்.

யார் பேசினாலும் அந்த நேரத்துக்கு அவள்தான் அவர். அவர் "நான்" என்றால் இவள் தன் நெஞ்சைத் தொட வேண்டும். அவர் சிரித்தால் இவளும் சிரிக்க வேண்டும். சொந்த அபிப்பிராயத்தை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லித்தான் பயிற்சி கொடுத்தார்கள்.

வீட்டில்தான் இருந்தது. டிவிக்கு எதிரே, சோபாவில்.

தங்கை சாருமதி. பிறவியிலேயே காது கேட்காது. அந்த விடுதிகளில் ஒன்றில்தான் தங்கிப் படித்தாள்.

ஒரு வருடம் விடுமுறைக்கு வந்தவள் திரும்பிப் போக மாட்டேன் என்று கட்டில் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கையால் பேசுகிறவள் வாயை மூடிக்கொள்வது அப்படித்தான்.

அவளைப் பேசவைக்கத்தான் அக்கா இந்தச் சைகை மொழியை முறையாகப் படித்தாள். படித்தது பிழைப்பாகிவிட்டது. பதில் மட்டும் இத்தனை வருடமாக வரவில்லை.

இன்றைக்கு மட்டும் டிவி பார்க்காதே என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். பார்ப்பாள் என்றும் தெரியும். அக்கா வரும் நிகழ்ச்சி ஒன்றைக்கூட அவள் விட்டதில்லை.

வெள்ளைச் சட்டைக்காரர் கையை உயர்த்தினார். என்னவோ, மற்ற மூவரும் அடங்கினார்கள்.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உண்மையிலேயே ஏதாவது நடந்திருந்தா, அந்தப் பிள்ளைங்க ஏன் அன்னைக்கே சொல்லல?"



அவள் கை ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. நிற்கக் கூடாது.

நெஞ்சைத் தொட்டாள். நான். ஒன்று. கேட்கிறேன்.

கேமராவை நேராகப் பார்த்தாள். அப்படித்தான் பார்க்க வேண்டும். முகத்தில் கேள்வியை வைத்துக்கொண்டாள்.

அந்தப் பிள்ளைகள். ஏன். அன்றைக்கே. சொல்லவில்லை.

கூசியது. கையை வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது.

அதற்குள் ஆஸ்பத்திரிக்காரர் ஆரம்பித்துவிட்டார். எத்தனை படுக்கை, எத்தனை மாடி. அவள் படுக்கைகளைக் காட்டினாள். மாடிகளைக் காட்டினாள்.

வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலிலேயே நின்றாள்.

"டிவில நீ என்னத்தடி கேட்ட அவள? எந்திரிச்சுப் போயி டிவிகிட்ட நின்னுக்கிட்டு கைய ஆட்டி ஆட்டிச் சொல்றா. அழுதுகிட்டே சொல்றா. இத்தன வருசத்துல அவ்ளோ பேசி நான் பாத்ததே இல்ல. எனக்கு ஒரு எழவும் வெளங்கல."

அம்மாவுக்குத் தெரிந்தது சாப்பிடு, தூங்கு, வா. அதற்கு மேல் அவள் கற்றுக்கொள்ளவில்லை.

"எப்படிக் காட்டினா? செஞ்சு காட்டும்மா."

அம்மா கையைத் தூக்கினாள். விரல்கள் எங்கெங்கோ போயின. கன்னத்துக்குப் போய், பாதியில் மறந்து, கீழே இறங்கின. ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு முஷ்டியை மடக்கிப் பக்கவாட்டில் இழுத்தாள்.

"இது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. திரும்பத் திரும்ப இதத்தான் காட்டுனா."

தாழ்ப்பாள்.

அம்மா இன்னொரு முறை இழுத்துக் காட்டினாள். சரியாகத்தான் செய்கிறோமா என்று மகளின் முகத்தைப் பார்த்தாள்.

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள்.

சாருமதி சோபாவில் இருந்தாள். முகம் கழுவியிருந்தாள். டிவியில் விமான நிலையச் சாலைக்கு அலங்கார வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா அவள் முன்னால் மண்டியிட்டாள். சொல், என்று கை காட்டினாள். இங்கே இருக்கிறேன். சொல். இன்னொரு தடவை சொல்.

சாருமதி டிவியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பிறகு தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்தாள்.

சொன்னேனே.

நீ என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நான் சொல்லி முடிப்பதற்குள் நீ ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசப் போய்விட்டாய்.

கைகளை மறுபடி தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.