கடைசிப் பக்கம்

"திரையை அங்கே கட்டாதே தம்பி. இந்தச் சுவர்ல கட்டு" என்றாள் ஹூரியா.

"அக்கா, இங்கே ஜன்னல் வெளிச்சம் அடிக்கும். நடிகன் மூஞ்சியே தெரியாது."

"போர்வை போட்டு மறைச்சுக்கலாம். இங்கேதான் கட்டணும்."

டங்கன் அங்கேயே கட்டினான். எதிர்த்துப் பேசும் நிலையில் அவன் இல்லை. ஆற்றங்கரையில் இருந்த அந்த மாவோரிப் பழங்குடியினரின் ஊர்க்கூடத்தில் இன்று 'சரி' என்ற சொல் கிடைத்தால்தான் அவன் ஏழு வருஷம் உழைத்து எடுத்த படம் உலகத்தைப் பார்க்கும். அந்தக் காலத்தில் நிலத்தைப் பிடுங்க வந்த வெள்ளைக்காரப் பட்டாளத்தை இந்த ஊர்த் தலைவர் தே மானு எதிர்த்து நின்ற கதை. "முதல்ல உங்களுக்குத்தான் போட்டுக் காட்டுவேன். வேணாம்னு சொன்னா பெட்டியில வெச்சுப் பூட்டிடுறேன்" என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான். இங்கிலாந்திலிருந்து வந்த வெள்ளைக்காரன் இந்தக் கதையை எடுத்தால் வேறு எப்படிப் பேச முடியும்?

கடைசிக் காட்சியில்தான் அவனுக்குப் பயம். மற்றதெல்லாம் பழைய ஏடுகளில் உள்ளபடி எடுத்தது. அது மட்டும் அவனாக எழுதியது.

அதிலும் ஒரு புதிர். ஆறு மாதத்துக்கு முன் கதைப் பிரதியைப் படிக்கக் கொடுத்தான். ஹூரியா எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினாள், கடைசிப் பக்கத்தைத் தவிர. ஏன் என்று கேட்டதற்கு "இருக்கட்டும்" என்றாள். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். ஒரு வார்த்தை போதுமென்றால் இரண்டாவதைச் செலவழிக்க மாட்டாள்.

திரைக்கு நேர் கீழே பாய் விரித்தார்கள். அதன்மேல் மெத்தை, மெத்தைமேல் வெள்ளை விரிப்பு.

"யாராவது வி.ஐ.பி. வர்றாங்களா?" என்று டங்கன் கேட்டான்.

"ஆமா, பெரிய வி.ஐ.பி." என்றான் ஹூரியாவின் கணவன் பவோரா. கடைசிவரை அங்கே யாரும் உட்காரவில்லை.

கூட்டம் வந்தது. எண்பது பேர் இருக்கும். அத்தனை பேரும் கறுப்பு உடையில்.

"எங்களுக்குக் கறுப்பு எடுப்பா இருக்கும்" என்று பவோரா கண்ணடித்தான்.

கொல்லையில் குழி வெட்டிய மண்ணடுப்பில் மூன்று முழுப் பன்றி வெந்துகொண்டிருந்தது. ஒரு சினிமாவுக்கு இவ்வளவு சாப்பாடா? ஏழு வருஷத்தில் டங்கன் ஆவணக் காப்பகங்களில் கிடந்ததுதான் அதிகம். இந்த ஊருக்கு வந்தது நாலே தடவை. எதைக் கேட்பது, எதை விடுவது என்று தெரியாமல் கருத்துப் படிவங்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தான். 'படம் நன்று, சுமார், மோசம்' என்று அச்சடித்து, பேனாவும் வைத்திருந்தான்.

படம் ஓடியது. சண்டைக்குக் கைதட்டல் இல்லை, சிரிக்கும் இடத்தில் சிரிப்பும் இல்லை. கடைசிக் காட்சியில் தே மானுவின் உடலைப் படகில் வைத்து ஆற்று வழியாக ஊருக்குக் கொண்டுவந்தார்கள். முன்னால் இருந்த பெண்கள் குரலெடுத்து அழுதார்கள்.

விளக்கு எரிந்ததும் பெரியவர் கெரேயி கைத்தடியைத் தரையில் தட்டிக்கொண்டு எழுந்தார். டங்கன் திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான்.

"இப்பத்தான் வர்றதுக்கு வழி தெரிஞ்சுதா உனக்கு? இத்தனை வருஷம் எங்க போய்க் கெடந்தே?" என்று மாவோரியில் கத்தினார்.

டங்கனுக்கு அந்த மொழி அரைகுறைதான். இது மட்டும் தெளிவாகப் புரிந்தது.

"மன்னிச்சுக்கங்க ஐயா. பணம் போட ஆள் கிடைக்கவே ஏழு வருஷம்..."

பவோரா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். "நீ சும்மா இரு. உன்னை யாரு கேட்டா?"

பிறகு எல்லோரும் எழுந்தார்கள். அவனை ஏறிட்டுப் பார்க்காமல் ஹூரியாவின் பின்னால் வரிசையாகக் கூடத்துக்குப் பின்னால் இருந்த மேட்டை நோக்கி நடந்தார்கள். டங்கனும் கிளம்பினான்.

"நீ இங்கேயே இரு. உன் மெஷினைப் பாத்துக்கோ" என்றான் பவோரா.

தனியே போய் ஓட்டெடுக்கிறார்களோ? டங்கன் படிவங்களைப் பொறுக்கினான். எல்லாம் வெற்றுத்தாள். ஒன்றில் மட்டும், 'குதிரைகள் நல்லா ஓடின.'

முக்கால் மணி கழித்துத் திரும்பினார்கள். வாசல் குழாயில் ஒவ்வொருவராகக் கையைக் கழுவி, தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டார்கள். போகும்போது இறுகியிருந்த முகங்களில் இப்போது சிரிப்பு. கெரேயி அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பன்றி வாசனையைத் தேடிப் போனார். டங்கன் ஹூரியாவிடம் ஓடினான்.

"அக்கா, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. படம் சரியா, வேணாமா?"

"முதல்ல சாப்பிட வா."

"கடைசிக் காட்சியிலதானே கோபம்? ஏட்டுல தே மானு தெற்கே ஜெயில்ல செத்தார்னு மட்டும்தான் இருக்கு. படகுல வந்ததெல்லாம் என் புளுகு. வெட்டிடுறேன். உங்ககிட்ட இருக்கிற அந்தப் பக்கத்தைக் குடுங்க, இங்கேயே கிழிச்சுப் போட்டுடுறேன்."

"ஒரு துண்டும் வெட்டாதே. நாடு பூராப் போட்டுக் காட்டு" என்றாள் ஹூரியா. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "ஆனா அந்தப் பக்கம் எங்கிட்ட இல்ல தம்பி."

"பின்னே எங்கே?"

அவள் மேட்டில் தெரிந்த வெள்ளை வேலியைக் காட்டினாள்.

"அந்தச் சுவரோரம்தான் செத்தவங்களைக் கெடத்துவோம், மெத்தை அவருக்குத்தான். அவர் பொண்டாட்டி கல்லறைக்குப் பக்கத்துல நூத்தி அறுபது வருஷமா ஒரு எடம் காலியாவே கெடந்துச்சு. ஜெயில்காரன் ஒரு எலும்புகூட குடுக்கல, நீ ஒரு பக்கமாவது குடுத்தே. இப்பத்தான் பொதைச்சுட்டு வர்றோம்."