சாயங்கால முகம்

"இனிமே அந்தப் பொம்பளைகிட்ட என் கொழந்தைய வுடமாட்டேன்" என்றாள் கனகம், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்த அவள் புருஷன் எல்லப்பன் எழுந்து உட்கார்ந்தான். "இன்னா ஆச்சு?"

"தெனமும் நடக்கறதுதான். நான் போய் நிக்கறேன், அமுதா வாசல்ல தனியா குந்திகினு கீது. அந்தச் சந்திரம்மா மொகத்தத் திருப்பிக்கினு பாத்திரம் கழுவுது. கொழந்தை தூக்கச் சொல்லி அதுகிட்ட கைய நீட்டுது. அந்தப் பொம்பள 'போ போ, உங்கம்மா வந்துட்டா'ன்னு தள்ளி வுடுது. நாய்க்குட்டிய வெரட்ற மாதிரி!"

"அடிச்சுதா?"

"அடிச்சாத்தான் தப்பா?"

எல்லப்பன் இடுப்பைத் தேய்த்துக்கொண்டான். லாரியில் செங்கல் ஏற்றி இறக்கி அவனுக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

கனகத்துக்கு ஸ்ரீபெரும்புதூரில், மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிற கம்பெனியில் வேலை. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவாள். அமுதாவுக்கு ஒன்றரை வயது. சொந்தக்காரர்கள் எல்லாரும் கழனிக்கோ கம்பெனிக்கோ போகிறவர்கள். பஸ் நிற்கிற ரோட்டோரம் குடியிருந்த சந்திரம்மாள்தான் குறைந்த காசுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டாள்.

காசு குறைச்சல், அதனால் பாசமும் குறைச்சல். கனகம் அப்படித்தான் முடிவு கட்டியிருந்தாள்.

"ஒரகடத்துல ராஜாமணி டீச்சர் வூட்ல கொழந்தைங்களைப் பாத்துக்கறாங்க. ஃபேன் கீது, தொட்டில் கீது, வேளாவேளைக்குப் பாலு. ஞாயித்துக்கெழமை நானே போய்ப் பாத்துட்டு வந்தேன். நீ சைக்கிள்ல கொண்டுபோய் வுட்டுட்டு வேலைக்குப் போ."

"அவங்க கேக்கறது உன் சம்பளத்துல பாதியாச்சே!"

"ஓ.டி. பாக்கறேன்."

"நீ ஓ.டி. முடிச்சி வரசொல்ல கொழந்தை தூங்கிப்பூடும். அப்புறம் எப்பதான் அது மொகத்த பாப்ப?"

"அதுக்காக, ஆசையா தூக்கக்கூட மனசு இல்லாத எடத்துல வுடச் சொல்றியா?"

அவன் மறுபடியும் கட்டிலில் சாய்ந்தான். அவளும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் காலை நீட்டினாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. மடியில் கிடந்த அமுதா, அவள் விரலில் ஒட்டியிருந்த கம்பெனி வார்னிஷ் வாடைக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டே தூங்கிப்போனது.

மறுநாள் கம்பெனியில் கரண்ட் போனது, வரவே இல்லை. சூப்பர்வைசர் லைனை நிறுத்தி, மதியமே எல்லாரையும் பஸ் ஏற்றிவிட்டார்.

கனகம் இறங்கியதும் நேரே சந்திரம்மாள் வீட்டுக்கு நடந்தாள். நாளையிலிருந்து குழந்தை வராது என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும். இன்னும் நாலு வார்த்தை சூடாகவும் கேட்க வேண்டும். என்னென்ன கேட்பது என்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தாள்.

வேலிப் படலில் கை வைத்தவள், சிரிப்புச் சத்தம் கேட்டு நின்றாள்.

அமுதாதான். வீட்டில் இப்படி வாய்விட்டுச் சிரித்து அவள் கேட்டதே இல்லை.

வேப்பமர நிழலில் சந்திரம்மாள் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ரசம் விட்டுக் குழைய மசித்த சோறு. குழந்தைக்குத் தலை சீவி, முகம் துடைத்து, பொட்டு வைத்திருந்தாள். காக்காயைக் காட்டி ஒரு வாய், ஆட்டுக்குட்டியைக் காட்டி ஒரு வாய்.

அமுதா அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ம்மா" என்றது.

கனகம் படலை அழுத்திப் பிடித்தாள்.

"நான் அம்மா இல்லடி, அத்தை. எங்க, அத்தை சொல்லு? அம்மா பஸ்ல வரும்."

"ம்மா!"

"அடி கழுத! உங்கம்மா காதுல வுழுந்தா அதுக்கு மனசு தாங்குமா? அத்தை சொல்லு, அத்தை."

படல் கிறீச்சிட்டது. சந்திரம்மாள் திரும்பினாள். கனகத்தைப் பார்த்த கணமே குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த முகம், கனகம் தினமும் பார்க்கிற சாயங்கால முகமாக மாறிப்போனது.

"போ, உங்கம்மா வந்துட்டா."

அமுதா அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதது. அந்தக் கையையும் பிரித்துவிட்டாள். கொஞ்ச நேரம் தேம்பிவிட்டு, வேறு வழி இல்லாமல் குழந்தை தள்ளாடித் தள்ளாடிக் கனகத்திடம் வந்தது.

கனகம் அதை வாரி எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் யோசித்து வைத்ததை விட்டுவிட்டு, அதன் கண்ணைத் துடைத்தாள்.

"டீச்சர் வூட்ல சேக்கப் போறியாமே, காலைல வேலைக்குப் போறப்ப எல்லப்பன் சொல்லிச்சி" என்றாள் சந்திரம்மாள். "நல்ல எடந்தான். ஃபேன்லாம் கீதாம். சேத்துடு."

"இல்லக்கா. இங்கயே இருக்கட்டும்." கனகம் அப்படியே மரத்தடியில் உட்கார்ந்தாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுக்கா. இவ்ளோ ஆசை வெச்சிகினு, என்னைக் கண்டா மட்டும் ஏன் இத்த இப்படித் தள்ளி வுடறே?"

சந்திரம்மாள் அவளைப் பார்க்கவில்லை. செம்புத் தண்ணீரைச் சாய்த்து எச்சில் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"நாள் பூரா நின்னு ஒழைச்சிட்டு, இது மொகத்தப் பாக்கத்தான ஓடி வர்ற? நானும் இடுப்புல வெச்சிகினு நின்னா, இது உங்கிட்ட வராது கனகம். அதான் சாயங்காலம் பஸ்ஸு சத்தம் கேட்டதும் எறக்கி வுட்டுடறேன். எறக்கி வுடறது எனக்கு இன்னா, சுளுவாவா கீது?"