தேளின் பாராட்டு

"கச்சேரியா, உங்களுக்கா? மன்னிச்சிடுங்க சார்" என்றார் அரங்க மேலாளர், நாற்காலியை விட்டு எழாமலே.

வயலின்காரருக்குச் சுருக்கென்றது. "மேடை ஏறி ஒரு வருஷமாச்சு. போன வாரம்கூட விமர்சகர் 'தேள்' என்னை ஆகா ஓகோன்னு பாராட்டியிருந்தாரே, படிக்கலையா?"

"அதான் சிக்கலே! பேப்பர்ல எழுதுறது போதாதுன்னு ரேடியோவுல வேற கட்டைக்குரல்ல உளறுறான். சங்கீதம் கிலோ என்ன விலைன்னு கேக்குற ஜென்மம்! அவன் திட்டினா அரங்கம் நிறையுது, பாராட்டினா நான் ஈ ஓட்டணும்."

வயலின்காரர் கோபத்தை விழுங்கிக்கொண்டார். "அவர் என்னைத் திட்டினா தேதி குடுப்பீங்களா?"

"உடனே!"

அன்று மாலை வானொலியில் தேள் கொட்டியது: "இந்த வயலின்காரர் வில்லை எடுத்தாலே துருப்பிடித்த கதவைத் திறப்பது போலிருக்கிறது. சுருதி ஒரு பக்கம் போகிறது, இவர் ஒரு பக்கம் போகிறார். வாசிப்பு ஒருவழியாக முடிந்ததே என்றுதான் கைதட்டுகிறார்கள்!"

சற்று நேரத்தில் வயலின்காரர் வீட்டுக்குள் நுழைந்தார். மனைவி ரேடியோவை அணைத்துவிட்டு வெந்நீரை நீட்டினாள்.

"குடிங்க. கட்டைக்குரல்ல பேசிப் பேசித் தொண்டை கட்டியிருக்கும்."

"கேட்டியா? எப்படி?"

"இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தாங்க உள்ளதைச் சொல்லியிருக்கீங்க."