குங்குமம் வைத்த டிரம்

கிடங்கில் கெமிக்கல் வந்த காலி டிரம்கள் குவிந்து கிடந்தன. அதிகாரிகள் வந்து பார்த்து, மறுபடி வரும்போது ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். கம்பெனி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. ஆயுத பூஜையன்று ஒவ்வொரு டிரம்முக்கும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மூட்டை தூக்கும் எங்களுக்கு இனாமாகக் கொடுத்தது.

“கழுவியாச்சு பெரியவரே, தண்ணி புடிச்சு வச்சுக்கலாம்,” என்றார் மேனேஜர்.

“மொதல்ல உங்க வீட்டுக்கு ஒண்ணு போகட்டும் சார்,” என்றேன்.

பக்கத்தில் நின்ற தங்கையா, “பெருசுக்குச் சாமியே பிரசாதம் குடுத்தாலும் சந்தேகம்தான்,” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் பொரியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால், என் வீட்டு வாசலிலும் ஒரு நீல டிரம், விளிம்பு வரைக்கும் தண்ணீர்.

“நீங்க வாங்க மாட்டீங்கன்னு தெரியும் மாமா. நானே போய் வாங்கியாந்தேன். இப்பத்தான் தண்ணி லாரி வந்துட்டுப் போச்சு,” என்றாள் மருமகள் சுகந்தி.

தண்ணீர் வழிந்த இடத்தில் சிவப்புக் குங்குமம் மஞ்சளாக மாறியிருந்தது. வெறும் தண்ணீர் பட்டால் குங்குமம் கரையும்; ஆசிட் பட்டால்தான் மஞ்சளாகும். நான் தோளைக் கொடுத்து டிரம்மைச் சாய்த்தேன்.

“ஐயோ, இனி வெள்ளிக்கிழமதானே லாரி!” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

தெரு முழுக்கக் கிடங்கு ஆட்கள்தான். வாசலுக்கு வாசல் நீல டிரம், எல்லாவற்றிலும் மஞ்சள் பொட்டு. எதிர்வீட்டில் தங்கையாவின் மகள் சொம்பை முக்கி எடுத்தாள்.

“குடிக்காத புள்ள!” என்று கத்தினேன்.

உள்ளேயிருந்து தங்கையா சிரிக்கிற சத்தம் கேட்டது. அவளும் சிரித்துக்கொண்டே சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தாள்.