கொழும்பு ராஜாவோடு மல்லுக்கட்டு

“செத்தான் இன்னைக்கு!” என்று தனுஜா மேசையில் ஓங்கி அடித்தாள். மவுஸ் ஒரு துள்ளுத் துள்ளியது.

சாகவில்லை. அடுத்த நிமிஷமே கொழும்பு ராஜா மறுபடி முதலிடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டான். கூடவே திரையோரத்தில் ஒரு சேதி: “என்ன பதுளை, நித்திரையா?”

தனுஜா நமுனுகுல தேயிலைத் தோட்டத்துப் பெண். பதுளை டவுனில் துணிக்கடை வேலை. பகல் சோற்றை இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு மணிக்கணக்குக்குக் காசு வாங்கும் றவூப் நானாவின் இன்டர்நெட் கடைக்கு ஓடிவருவாள். அங்கே ஒரு தளத்தில், பிடித்த பட்டப்பெயரில் ஆடும் கொரிய மொழிப் போட்டி; அவள் பெயர் ‘பதுளை’. சரியான விடைக்கு மார்க் ஏறும். பிழை விட்டால் இறங்கும்.

கொரியாவுக்கு வேலைக்குப் போக மொழிப் பரீட்சை எழுத வேண்டும். அதில் பாஸாகாவிட்டால் கொழுந்தெடுக்கப் பேர் பதிந்துவிடுவதாக அப்பா முருகையா சொல்லியாயிற்று. பரீட்சையோ அடுத்த மாதம்.

இந்த ராஜா முளைத்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் பெயர் ஏறினாலே கை பிழையான விடையைத் தட்டும். தெரிந்த சொல்லும் மறந்துபோகும். வெள்ளிக்கிழமைப் பகலில் மட்டும் ஏனோ அடங்கிக் கிடப்பான். மற்ற நாளெல்லாம் அவள் ஒரு படி ஏறினால் அவன் இரண்டு படி.

“அந்திக்கும் ஒரு மணித்தியாலம் போட்டுக்கவா, புள்ள?” கல்லா மேசைக் கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து றவூப் நானா தலையை நீட்டினார். நடைபாதையில் சாரம், லுங்கி என்று கூவிப் பேரம் பேசி விற்று, கொரியாவிலும் கொஞ்சக் காலம் உழைத்து முன்னுக்கு வந்த மனிதர். “விட்டா அவன் ஏறிக்கிட்டே போவான்.”

தனுஜா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். “வேணாங்க நானா. இனிமே நான் வரல.”

“என்னது! பயந்துட்டியா? கொழும்பான் சிரிப்பானே!”

“சிரிக்கட்டும். துணி மடிக்கிறவளுக்குக் கொரியா கேக்குதான்னு எங்க லயத்து வீடெல்லாம் சிரிச்சிச்சு. அதையே தாங்கிட்டேன். மூஞ்சி தெரியாத இவன் சிரிச்சு என்ன ஆகப்போகுது?”

“அதுக்காகப் படிப்ப விட்டுருவியா?”

“படிப்ப யாரு விட்டா? நான் பாஸ் பண்ண வேண்டியது பரீட்சையில. இவன்கிட்ட இல்ல. புத்தகத்த வச்சு வீட்டுலயே படிச்சுக்கிறேன்.”

றவூப் நானாவின் குரல் இளகியது. “அவன ஒரே ஒருக்கா ஜெயிச்சுட்டுப் போயேன், தங்கச்சி. மனசுக்கும் ஆறுதலா இருக்கும்.”

“அவன்தான் எறங்க மாட்டேங்கிறானே! நான் மட்டும் எதுக்கு எறங்கணும்? வாறேங்க.”

கைப்பையைத் தோளில் மாட்டினாள். வாசலைத் தாண்டினாள். தெருப்படியில் கால் வைத்த பிறகும் திரும்பிப் பார்க்கவில்லை.

றவூப் நானா பதறி எழுந்தார். படியிறங்கிப் போகிற வாடிக்கையைக் கண்டால் அந்த வாய் எத்தனை வருஷமாக என்ன சொல்லிப் பழகியதோ, அதுவே இப்போதும் தன்பாட்டில் வந்து விழுந்தது.

“நில்லு புள்ள, போகாத! அம்பது மார்க் கொறச்சுக்கிறேன்!”