பக்கத்துக் கட்டில்

அந்தம்மா உப்புமாவை ஊதி ஊதி ஆற வைத்து, பக்கத்துக் கட்டில் சங்கரனுக்கு ஒவ்வொரு ஸ்பூனாக ஊட்டினாள். வாயோரம் ஒட்டியிருந்த ரவையைக்கூடத் துண்டால் துடைத்துவிட்டாள். பார்த்துக்கொண்டிருந்த விச்சுவுக்கு வயிறு எரிந்தது.

இரண்டு பேருக்கும் ஒரே கோளாறு. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே நரம்பு நசுங்கி, வலது கை மரத்துப்போகும். முன்பே ஒரு ஆபரேஷன் செய்தும், வெட்டின இடத்தில் தழும்பு கெட்டிப்பட்டு நரம்பை மறுபடி இறுக்கிவிட்டது. இந்த வாரம்தான், புனேயில் இந்த ஆஸ்பத்திரியில் ஒரே டாக்டரிடம் இருவருக்கும் இரண்டாவது ஆபரேஷன் நடந்திருந்தது.

கவனிப்பில்தான் எத்தனை வித்தியாசம்! அந்தம்மா காலையிலேயே வந்துவிடுவாள். சங்கரனுக்குத் தலை வாரி, மரத்த விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடுவாள். அவர் புனே பக்கம் ரஞ்சன்காவ் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் சேலத்துக்காரர். அவளோ மராத்தி தவிர ஒரு வார்த்தை பேச மாட்டாள். 'லவ் மேரேஜ்! அதான் இத்தனை ஒட்டுதல்' என்று விச்சு பொருமினார்.

விச்சுவின் மனைவி சரசா, பாங்க் வேலை முடிந்து ஔந்த்திலிருந்து ஸ்கூட்டியில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். வந்ததும் வராததுமாக அதட்டல்.

"தலகாணி எங்கே? கையைத் தொங்கப் போடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரோல்லியோ?"

ரசம் சாதத்தை ஸ்பூனோடு அவர் இடது கைப் பக்கம் வைத்தாள். விச்சு டப்பாவைத் தள்ளிவிட்டார்.

"நானே அள்ளிப் போட்டுக்கணுமா? பக்கத்துல பாரு. அவாளும் ஒருத்தருக்குப் பொண்டாட்டிதான்!"

"நேத்து ஊட்ட வந்தப்போ, நான் என்ன குழந்தையான்னு கத்தினது யாரு?"

"அவ மாதிரி ஆசையா ஊட்டினா ஏன் கத்தப் போறேன்?"

சரசாவின் முகம் சுருங்கிப்போயிற்று. காலையில் வைத்துவிட்டுப் போயிருந்த டப்பாவைக் கழுவ எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அதற்குள் அந்தம்மாவும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

விச்சு சங்கரனிடம் பேச்சை ஆரம்பித்தார்.

"கொடுத்து வெச்சவர் சார் நீங்க. இப்படி ஒரு ஒய்ஃப் யாருக்குக் கிடைப்பா?"

சங்கரன் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே குழாயடியில் சரசா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அவங்க என்னைப் பாத்துக்க ஏஜென்சில அனுப்பின ஆளுங்க, சார்" என்றார் மெதுவாக.

விச்சு திரும்பினார்.

"மறுபடியும் ஆபரேஷன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கே, என் சம்சாரம் என்னை விட்டுட்டுப் போயிட்டா."