பாதியில் நின்றவர்கள்

ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைக்கிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள் என்று முணுமுணுத்தபடி போனை வைத்தார் ஒருங்கிணைப்பாளர்.

வசதியில்லாத பெண்களுக்கு லாரியும் பஸ்ஸும் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தொண்டு நிறுவனம் அது. வரும் ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவிகள் சந்திப்பு. நன்கொடையாளர்கள் வேறு வருகிறார்கள். அங்கே பயின்று முதன்முதலில் பஸ் டிரைவரானவளை மேடையில் பேசவைத்தே தீர வேண்டும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார்.

அவளோ போன வருடம் சொன்ன பதிலையே இந்த வருடமும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறதாம்.

டிப்போவில் விசாரித்தால், ஞாயிறுதான் அவளுக்கு வார விடுமுறை என்றார்கள்.

ஒருங்கிணைப்பாளர் விடுகிற ஆளில்லை. எப்பேர்ப்பட்டவரையும் பேசியே வழிக்குக் கொண்டுவந்துவிடுவார். ஞாயிறு காலை காரை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போய் நின்றார். துணி உலர்த்திக்கொண்டிருந்த கணவர், பழைய கிடங்குக்குப் பின்னால் உள்ள மைதானத்துக்குக் கைகாட்டினார்.

அங்கே ஓர் அரதப் பழசான லாரி முக்கி முனகி நகர்ந்துகொண்டிருந்தது. ஓட்டுகிற இடத்தில் யாரோ ஒரு பெண். பக்கத்தில் நம் பஸ் டிரைவர்.

"கிளட்ச்சைப் பட்டுனு விடாத. கோவிச்சுக்கிட்ட மாமியாரைச் சமாதானம் பண்ற மாதிரி மெதுவா விடணும்."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருங்கிணைப்பாளருக்குச் சுருக்கென்றது.

"எங்ககிட்ட கத்துக்கிட்டு நீயே தனியா கடை போட்டுட்டியா?"

லாரியை நிறுத்தச் சொல்லி அவள் இறங்கி வந்தாள். முகத்தில் பயமும் இல்லை, பகையும் இல்லை.

"கடை இல்ல மேடம். லாரி எங்க அண்ணனோடது, ஞாயித்துக்கிழமை சும்மா நிக்கும். இவங்க யாருன்னு தெரியலையா உங்களுக்கு?"

ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தெரியவில்லை.

"எல்லாரும் நம்மகிட்ட படிச்சவங்கதான். ஸ்டீயரிங் பிடிச்சிருக்காளே, அவ என்கூடவே சேர்ந்தவ. வயித்துல பிள்ளை வந்ததும் நின்னுட்டா. இவ டெஸ்ட்ல தோத்துட்டு, வெட்கப்பட்டுக்கிட்டு அப்புறம் உங்க பக்கமே வரல. அந்த அக்காவை வீட்டுக்காரர் அனுப்பல. இப்ப அவரே கொண்டுவந்து விட்டுட்டுப் போறார்."

"இதை ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"முதல் சந்திப்புக்கே இவங்களையும் கூட்டிட்டு வரவான்னு கேட்டேன் மேடம். பயிற்சியை முடிச்சவங்க மட்டும்தான் பழைய மாணவின்னு சொல்லிட்டீங்க."

சொன்னது உண்மைதான். ஒருங்கிணைப்பாளர் அந்த முகங்களை இன்னொரு முறை பார்த்தார்.

பஸ் டிரைவர் கையசைக்க, பக்கத்தில் ஆள் இல்லாமலே லாரி கிளம்பியது. மைதானத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, துளியும் குலுங்காமல் வந்து நின்றது. ஓட்டியவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பார்த்தீர்களா என்று ஒருங்கிணைப்பாளரிடமே கேட்டாள். அவர் தன்னையறியாமல் கைதட்டினார்.

அப்போது இயக்குநர் போனில் வந்தார். மண்டபம் நிறைந்துவிட்டது, விருந்தினர்கள் காத்திருக்கிறார்கள், அவளைப் பிடித்தாயிற்றா இல்லையா என்று பரபரத்தார்.

"அவங்க வரமாட்டாங்க சார்," என்றார் ஒருங்கிணைப்பாளர். "நீங்க எல்லாரையும் அழைச்சுக்கிட்டு இங்க வாங்க. பழைய மாணவிகள் சந்திப்பு இங்கதான் நடக்குது."